வட சென்னை: வந்த வோட்டும் வராத வோட்டும்

2024-ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தல் தேசத்தின் பல பாகங்களில் நூலிழையில் தீர்ந்த தேர்தலாகும். மக்கள் சபையின் 543 ஸ்தானங்களில் 272 கிடைத்தாலன்றி மந்திரி சபை அமைக்க வழியில்லை. பத்து வருஷம் தனிப் பலத்தோடு ஆண்ட பாரதிய ஜனதாக் கட்சிக்குக் கிடைத்தவை 240. தோழமைக் கட்சிகளின் ஸ்தானங்களைச் சேர்த்து 293 என்று கணக்குக் காட்டியே அக்கட்சி மீண்டும் அரியணை ஏற முடிந்தது. எதிரணியார் 234 வரை வந்து நின்றனர். பம்பாயின் வடமேற்குத் தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 48 வோட்டு. நமது விருதுநகரிலோ 4,379. இவ்வாறு தேசமே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஜூன் 4-ஆம் தேதியன்று, வட சென்னையில் மட்டும் எவர்க்கும் பதைப்பு உண்டாகவில்லை. தி.மு. கழகத்தின் அபேட்சகர் மருத்துவர் கலாநிதி வீராசாமி 4,97,333 வோட்டுப் பெற்றார். அடுத்து வந்த அண்ணா தி.மு. கழகத்து ராயபுரம் மனோ பெற்றவை 1,58,111. வித்தியாசம் 3,39,222.

வென்றவரை வாழ்த்துவதில் நமக்கு ஆட்சேபமில்லை. நியாயமாகவே வென்றார். எதிர்க்கட்சிகள் பிளவுபட்டு நின்றதால் வந்த ஜயம் என்று சிலர் சொல்லித் திரிந்தனர். தமிழ்நாட்டின் வேறு சில தொகுதிகளுக்கு அந்த வாதம் பொருந்தலாம். வட சென்னைக்குப் பொருந்தாது. அண்ணா தி.மு. கழகம், 1,13,318 பெற்ற பாரதிய ஜனதா, 95,954 பெற்ற நாம் தமிழர் கட்சி ஆகிய மூன்றும் ஒரே பந்தலில் நின்றிருந்தாலும் மொத்தம் 3,67,383தான். அப்போதும் 1,29,950 வோட்டுக் குறை. ஆகவே, கூட்டணி முறிந்ததால் குடி முழுகிற்று என்று தோற்றவர்கள் வட சென்னையில் நின்று அழ வேண்டிய அவசியமில்லை.

ஆயினும் இந்தப் பெரிய எண்ணின் நிழலில் ஒரு சிறிய எண் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம். 2019-இல் இதே அபேட்சகர் இதே தொகுதியில் 5,90,986 வோட்டுப் பெற்று, 4,61,518 வித்தியாசத்தில் வென்றார். ஐந்தே வருஷத்தில் அவருடைய வோட்டு 93,653 குறைந்துவிட்டது. எப்படிக் குறைந்தது? 2019-இல் மக்கள் நீதி மய்யம் தனித்து நின்று லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டை வாங்கிற்று. 2024-இல் அக்கட்சி நிற்கவில்லை, தி.மு. கழகத்தை ஆதரித்து மேடை ஏறிற்று. கூட்டில் நண்பர் ஒருவர் கூடினார்; கணக்கில் வோட்டுக் குறைந்தது! அதே சமயம், 2019-இல் அண்ணா தி.மு. கழகமும் பாரதிய ஜனதாவும் சேர்ந்து நிறுத்திய தே.மு.தி.க. அபேட்சகருக்கு விழுந்தவை 1,29,468 மாத்திரமே. 2024-இல் அவ்விரு கட்சிகளும் பகைத்துக்கொண்டு தனித்தனியே நின்று வாங்கியவற்றைக் கூட்டினால் 2,71,429. நாம் தமிழர் கட்சியும் 60,515-லிருந்து 95,954-க்கு ஏறியிருக்கிறது. வித்தியாசம் மூன்றரை லட்சத்தை ஒட்டியிருக்கும்போது இந்தச் சரிவை யார் கவனிக்கப் போகிறார்கள்? களஞ்சியம் நிறைந்திருக்கும் வீட்டில் மூலையில் எலி வளை தோண்டுவது தெரிவதில்லை.

இனி, சாவடிக்கே வராதவர்களின் கணக்கு. வட சென்னையின் பட்டியலில் 2024-இல் ஏறத்தாழ 15 லட்சம் பெயர்கள் இருந்தன. வோட்டளித்தவர்கள் நூற்றுக்கு 60 பேர். தமிழ்நாடு முழுவதற்கும் சராசரி 69-க்கு மேல் இருந்தது. சென்னையின் மற்ற இரு தொகுதிகளை நோக்க வட சென்னை மேல் என்று சிலர் திருப்தி கொள்கிறார்கள். மயிலாப்பூரும் தியாகராய நகரும் வோட்டளிக்க வராதது பழைய செய்தி. உழைத்து உண்ணும் ஜனங்கள் நிறைந்த வட சென்னை அவ்வழியில் போவதே கவலைக்குரியது. வராத வோட்டு ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வென்றவர் பெற்றதைவிட அது அதிகம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம். பட்டியலே சுத்தமான பட்டியலன்று. 2025 டிசம்பர் 19-ஆம் தேதி, விசேஷத் திருத்தத்துக்குப் பிறகு வெளியிடப்பட்ட வரைவுப் பட்டியலில், தமிழ்நாடு முழுவதிலும் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் காணப்படவில்லை. சென்னை ஜில்லாவில் மாத்திரம் 14 லட்சத்துக்கு மேல். நீக்கப்பட்டவர்களில் இருக்க வேண்டியவர் எத்தனை பேர், போக வேண்டியவர் எத்தனை பேர் என்ற வழக்கு வேறு. இறந்தவரும் வீடு மாறிப் போனவரும் ஏராளமாகப் பட்டியலில் கிடந்தனர் என்பதை எக்கட்சியாரும் மறுக்கவில்லை. ஆகவே வராத ஆறு லட்சத்தில் ஒரு பகுதி காகிதத்தில் மாத்திரம் வாழ்ந்த பிரஜைகள் என்றே கொள்ளலாம். ஆனால் 2019-இல் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்ட 5,90,986 பேர் காகித மனிதர்கள் அல்லரே! அவர்களில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் எங்கே போனார்கள் என்ற கேள்வியைப் பட்டியலின் மேல் பழி போட்டுத் தீர்த்துவிட முடியாது.

வட சென்னை எப்போதும் இப்படி ஒருதலையாகத் தீர்ப்பளித்த ஊருமன்று. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய மண் அது. தேசபக்தன் ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தர முதலியார் ஆலைத் தொழிலாளரிடையே நின்று அச்சங்கத்தை வளர்த்தார். இன்று அத்தொகுதிக்குள் அடங்கிய ஆறு சட்டசபைத் தொகுதிகளில் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1957-இல் காங்கிரஸ் கட்சி நாடெங்கும் கொடி கட்டிப் பறந்தபோது, அதே சங்கத்துக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் தலைமை வகித்த அந்தோணிப் பிள்ளையை வட சென்னை டில்லிக்கு அனுப்பிற்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னைத் தொழிலாளருக்காகச் சிறை புகுந்தவர் அவர். 1977-இல் தமிழ்நாடு முழுவதும் தி.மு. கழகத்தைக் கைவிட்டபோது வட சென்னை கைவிடவில்லை, ஏ.வி.பி. ஆசைத்தம்பியைத் தேர்ந்தெடுத்தது. 1989-இலும் 1991-இலும் தா. பாண்டியன் காங்கிரஸ் சின்னத்தில் வென்றார்.

அதே தா. பாண்டியன் 2009-இல் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் அபேட்சகராக மீண்டும் வந்து நின்றார். தி.மு. கழகத்தின் டி.கே.எஸ். இளங்கோவன் 2,81,055, பாண்டியன் 2,61,902. வித்தியாசம் 19,153. ஒரு சட்டசபைத் தொகுதியின் சில வீதிகள் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். 2014-இல் உண்மையாகவே மாறிற்று: அண்ணா தி.மு. கழகத்தின் வெங்கடேஷ் பாபு 99,704 வோட்டு வித்தியாசத்தில் தி.மு. கழகத்தைத் தோற்கடித்தார். ஆக, பத்து வருஷத்துக்கு முன் வரையில் வட சென்னை எவர் மடியிலும் நிரந்தரமாக உட்கார்ந்த தொகுதியன்று. கட்சித் தலைவர்கள் அதைக் கண்டு சற்று அஞ்சவே செய்தனர். அந்த அச்சம் இப்போது போய்விட்டது.

அச்சம் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இங்கேதான் வட சென்னைக்கும் ஏனைய தொகுதிகளுக்கும் உள்ள பேதத்தை உணர வேண்டும். காவிரிக் கரை விவசாயிக்கு நித்திய வாழ்வில் அதிகம் தட்டுப்படுவது சென்னைச் சர்க்கார். டில்லி அவனுக்குச் சற்றுத் தூரம். வட சென்னைவாசிக்கோ டில்லிதான் பக்கத்து வீட்டுக்காரர்! சென்னைத் துறைமுகம் டில்லியின் சொத்து. எண்ணூரை அடுத்த காமராஜர் துறைமுகம் டில்லியினுடையதாக இருந்து, 2020-இல் சென்னைத் துறைமுகத்துக்கே விற்கப்பட்டது. வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறிற்று, அவ்வளவே. மணலியில் எண்ணெய் சுத்தி செய்யும் ஆலை இந்தியன் ஆயில் கம்பெனியின் கிளை. பக்கத்திலுள்ள உரத் தொழிற்சாலையில் பெரும் பங்கு டில்லிச் சர்க்காருடையது. வல்லூர் மின்சார நிலையத்தில் டில்லிக்கும் சென்னைக்கும் கூட்டு. இவற்றிற் சில தொகுதி எல்லையைத் தாண்டித் திருவள்ளூர்த் தொகுதியில் நிற்கின்றன. புகைக்கு அந்த எல்லை தெரியாது. திருவொற்றியூரில் குழந்தைக்கு மூச்சு முட்டினாலும், துறைமுக லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றாலும், அது பார்லிமெண்டில் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டில் பார்லிமெண்டு மெம்பரால் மெய்யான பயன் அடையக்கூடிய தொகுதி ஒன்று உண்டென்றால் அது வட சென்னை.

2024 தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பு நடந்தவற்றை நினைவுகூர்வோம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை அலைக்கழித்தது. வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவிற்று. படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்தன. இறால் பிடித்து வயிறு வளர்த்தவர்கள் வாளிகளைக் கொண்டு எண்ணெயை மொண்டு எடுத்த காட்சியைத் தேசம் கண்டது. சென்னைச் சர்க்கார் மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் ஏனைய குடும்பங்களுக்கு 7,500 ரூபாயும் நிவாரணம் என்று அறிவித்தது. எண்ணெய்க் கறை காயுமுன்னே, டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாகத் தெருவுக்கு ஓடினர். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். ஆலையை மூட வேண்டுமென்று குப்பத்து ஸ்திரீகளும் புருஷர்களும் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தனர்.

அடுத்த ஏப்ரல் 19-ஆம் தேதி அதே ஜனங்கள் வோட்டுச் சாவடிக்கு அழைக்கப்பட்டனர். பிரசாரத்தில் முழங்கிய பேரிகை எது? மோடி நீடிப்பாரா, வீழ்வாரா என்பதே. அது அற்பமான கேள்வியன்று. தேசத்தின் தலைவிதியைப் பற்றிய கேள்வி. ஆனால் கொசஸ்தலை ஆற்றைப் பற்றி மனத்தில் கூச்சமின்றிப் பேசக்கூடிய பெரிய கட்சி எதுவும் அங்கே இருக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம். பாரதிய ஜனதா பேசினால், எண்ணெய் ஆலை யாருடையது என்ற கேள்வி எழும். தி.மு. கழகம் பேசினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எழும். அண்ணா தி.மு. கழகம் பேசினால், 2011 முதல் 2021 வரை வடசென்னை அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் கலந்தபோது கோட்டையில் இருந்தவர் யார் என்ற கேள்வி எழும். மூவர் வாயையும் அடைப்பதற்கு ஒரே ஆறு போதுமானதாயிற்று.

வென்ற கட்சியின் நிலைமை இன்னும் விசித்திரமானது. டில்லியில் அது எதிர்க்கட்சி. 2024-இல் சென்னையில் அதுவே ஆளுங்கட்சி. துறைமுகத்தையும் எண்ணெய் ஆலையையும் குறித்து மக்கள் சபையில் அதன் மெம்பர்கள் வாயாரக் கேட்கலாம். ஆனால் டில்லி மந்திரி எழுந்து, “கண்காணிக்க வேண்டியது உங்கள் சர்க்காரின் வாரியமன்றோ?” என்று திருப்பிக் கேட்டால் பதில் என்ன? கேட்பவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே கட்சிக்காரராக இருக்கும் இடத்தில் கேள்வியின் கூர் மழுங்குவது இயற்கை. இது எந்தத் தனி மனிதரின் குற்றமுமன்று. ஆனால் வித்தியாசம் 19,153 ஆக இருந்தால் அந்தச் சங்கடத்தை மீறிக் கேட்டே தீர வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகும். 3,39,222 ஆக இருந்தால் நிர்ப்பந்தமில்லை.

பிரதிநிதிகள் கேளாத இடத்தில் நியாய ஸ்தலங்கள் கேட்க வேண்டியதாயிற்று. ராயபுரத்து வீடுகளில் நிலக்கரித் தூசி படிந்த கதை பழையது. 2011-இல் ஹைகோர்ட்டு தலையிட்ட பின்னரே சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புக் கனியும் இறக்கி ஏற்றுவது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரி எண்ணூர் போய்ச் சேர்ந்தது. ஒரே தொகுதியின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடியை நோக்கித் தூசி குடிபெயர்ந்ததற்கு நியாயம் என்று பெயர்! எண்ணெய்க் கசிவிலும் வாயுக் கசிவிலும் பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து விசாரித்தது. ஹைகோர்ட்டையும் தீர்ப்பாயத்தையும் நாம் போற்றுகிறோம். ஆனால் நீதிபதிகளை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அடுத்த தேர்தலில் அவர்களிடம் கணக்குக் கேட்கவும் முடியாது.

இதைக் கண்டு சில புத்திசாலிகள் வேறொரு யோசனை கூறுகிறார்கள். ஆந்திரத்தையும் பீஹாரையும் பாருங்கள் என்கிறார்கள். டில்லி மந்திரி சபைக்குத் தோள் கொடுத்த தெலுங்கு தேசத்துக்கு 16 ஸ்தானம், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 12. 2024 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் ஆந்திரத் தலைநகருக்கு 15,000 கோடி, பீஹார்ச் சாலைகளுக்கு 26,000 கோடி. தமிழ்நாடும் புதுச்சேரியும் 40 ஸ்தானங்களையும் எதிரணிக்கு வாரிக் கொடுத்தன. அத்திட்டத்தைப் படித்த மந்திரி தமிழ்நாட்டின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை என்று இங்கே கூக்குரல் எழுந்தது. ஆகவே ஆளுங்கட்சிக்கு வோட்டளித்திருந்தால் லாபம் என்பது இவர்கள் வாதம். இதை நாம் அடியோடு மறுக்கிறோம். வோட்டு என்பது கடைச் சரக்கன்று, கூடுதலாகக் கேட்பவனுக்குக் கொடுக்க. தவிரவும் வாதமே முழு உண்மையன்று: சென்னை மெட்ரோ ரெயிலின் இரண்டாம் கட்டத்துக்கு, 63,246 கோடி மதிப்புள்ள திட்டத்துக்கு, அதே டில்லி மந்திரி சபைதான் 2024 அக்டோபரில் சம்மதம் தந்தது. வோட்டைக் காசாக்கும் வித்தையை வட சென்னை அறியாததுமன்று. டாக்டர் ராதாகிருஷ்ணன் நகரில் 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத் தேர்தலைப் பணப் பட்டுவாடாக் குற்றச்சாட்டின் பேரில் தேர்தல் கமிஷனே நிறுத்திற்று. அதே டிசம்பரில் தேர்தல் நடந்தது. சுயேச்சையாக நின்ற தினகரன் குக்கர்ச் சின்னத்தில் 40,707 வோட்டு வித்தியாசத்தில் வென்றார். அதனால் அத்தொகுதி அடைந்த நன்மை என்னவென்று அத்தொகுதியாரையே கேட்டால் தெரியும்.

நாம் வேண்டுவது கட்சி மாற்றமன்று. கணக்குப் பார்க்கும் வழக்கம். சட்டசபைத் தேர்தலுக்கு அந்த வழக்கம் உண்டு: ராயபுரத்தில் ஐந்து முறை வென்ற ஜெயக்குமாரை 2021-இல் அத்தொகுதியார் வீட்டுக்கு அனுப்பினர். பார்லிமெண்டுத் தேர்தல் வந்தால் மாத்திரம் அவர்கள் டில்லியின் மேல் இருக்கும் கோபத்தையோ பக்தியையோ வோட்டாக்கிவிட்டு, தம் தெருவை மறந்துவிடுகிறார்கள். எந்தத் தேர்தல் எதற்கு என்று சொல்லித்தர வேண்டியவர்கள் கட்சித் தொண்டர்கள். அவர்களும் சொல்வதில்லை.

தொண்டர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. வட சென்னையின் வோட்டுகள் எண்ணப்பட்டது மயிலாப்பூர்க் கடற்கரையிலுள்ள ராணி மேரிக் கல்லூரியில். நாற்பத்தாறு நாள் பூட்டிக் கிடந்த இயந்திரங்களைத் திறந்து கண்ட எண்கள் யாவும், சாவடி சாவடியாக, தேர்தல் கமிஷனின் இருபதாம் நமூனாவில் அச்சாகியிருக்கின்றன. எவரும் எடுத்துப் பார்க்கலாம். எண்ணெய் படிந்த காட்டுக்குப்பத்துச் சாவடியில் எத்தனை பேர் வந்தனர், அம்மோனியா வீசிய பெரியகுப்பத்தில் 2019-இல் எத்தனை, 2024-இல் எத்தனை, யாருக்குக் கூடிற்று, யாருக்குக் குறைந்தது என்று தாழங்குப்பம் முதல் காசிமேடு வரை ஒவ்வொரு சாவடியையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிட வேண்டும். வென்ற கட்சியின் தொண்டர்கள் அதை முதலில் செய்வது நன்று. இழந்த 93,653 எந்தெந்தத் தெருவில் போயிற்று என்பது அந்தத் தாள்களில் இருக்கிறது. 2029-இல் மறு தேர்தல் வருவதற்குள் அத்தெருக்களுக்குப் போக அவகாசமும் இருக்கிறது.